பெருந்தொற்றும் நாட்டுப்புறமும்: புணேயைச் சுற்றிய ஊர்களின் இரண்டு நோய்க்காலங்கள்

(பாணேரில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெருந்தொற்றுகளின் வரலாறு பெரும்பாலும் நகரங்களிலிருந்தே எழுதப்பட்டு வந்திருக்கிறது. மருத்துவமனையும் செய்தித்தாளும் நீதிமன்றமும் ஆவணக் காப்பகமும் நகரத்தில் இருப்பதால், நோய் நகரத்தில் என்ன செய்தது என்பது நாள்வாரியாகத் தெரிகிறது. அதே காலத்தில் சற்றுத் தள்ளியிருந்த ஒரு சிற்றூரில் மாடு கறந்தது யார், கதிர் அறுத்தது யார், விளைந்தது எங்கே விலைபோயிற்று, பிணத்தைச் சுமக்க எத்தனை பேர் வந்தார்கள் என்பவை எழுத்தில் ஏறாமலே மறைந்துவிடுகின்றன. 1348-இல் ஃபுளோரன்ஸ் நகரைத் தாக்கிய கொள்ளைநோயைப் பின்னணியாகக் கொண்டு பொக்காச்சியோ எழுதிய 'தெக்கமரோன்' இதற்குப் பழைய சான்று. நகரைவிட்டு நாட்டுப்புற மாளிகைகளுக்குச் சென்று கதை சொல்லிப் பொழுது கழித்த ஏழு பெண்களையும் மூன்று ஆண்களையும் உலகம் நினைவில் வைத்திருக்கிறது; அந்நூலின் முகப்புப் பகுதியிலேயே, மருத்துவரும் துணைக்கு ஆளும் இல்லாமல் வழியிலும் வயலிலும் குடிசையிலும் மடிந்த உழவர்களைப் பற்றிய சில வரிகள் இருப்பதை அறிந்தவர்கள் குறைவு.

இந்த உரை அத்தகைய வரிகளைத் தேடுவது. புணே மாவட்டத்தின் ஊர்ப்புறம் 1896-இல் தொடங்கிய பிளேக்கையும், 2020–21-இன் கொரோனாவையும் எவ்வாறு நாள்தோறும் வாழ்ந்து கடந்தது என்பதே இதன் பொருள்; இத்தாலியின் நாட்டுப்புறம் ஒப்பீட்டுக்காக இடையிடையே வருகிறது. இதைப் பேசுவதற்குப் பாணேரைவிடப் பொருத்தமான இடம் அமைவது கடினம். துகாய் குன்றின் அடிவாரத்தில், குடைவரையாக அமைந்த பாணேஷ்வர் கோயிலையும் முளா ஆற்றின் கரை நிலங்களையும் கொண்ட உழவர் ஊராக இருந்த பாணேர், 1997-இல் புணே மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு, ஹிஞ்ஜவடியின் மென்பொருள் பூங்காவுக்கு வேலைக்குச் செல்வோரின் அடுக்குமாடிப் பகுதியாக ஒரு தலைமுறைக்குள் மாறிற்று. இங்குக் குடியேறியவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. 'காவ்டாண்' என்று மராத்தியில் வழங்கும் ஊர்நத்தம், அதாவது பழைய குடியிருப்பின் நடுப்பகுதி, இன்றும் உயர்ந்த கட்டடங்களுக்கிடையே இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த வயல் இல்லை. இங்கு வாழ்வோருக்கு நாட்டுப்புறம் என்பது காய்கறி வண்டியாகவும் பால் பையாகவும் மட்டுமே வந்துசேரும் ஒன்றாக ஆகிவிட்டிருந்த நிலையில், 2020 மார்ச் இறுதியில் அந்த வண்டி வருமா என்னும் கேள்வி முதன்முறையாக எழுந்தது.

முதலில் பழைய நோய்க்காலத்தைக் காண வேண்டும். 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் மருத்துவர் அகாசியோ வீகாஸ் கண்டறிந்த பிளேக், சில மாதங்களில் புணேயை எட்டியது. 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது; 2020-இல் கொரோனாவுக்காக மகாராஷ்டிர அரசு கையில் எடுத்ததும் இதே சட்டந்தான். புணேயின் பிளேக் குழுவுக்குத் தலைமை ஏற்ற வால்டர் ராண்ட், மார்ச் நடுவிலிருந்து மே வரை படைவீரர்களைக் கொண்டு வீடு வீடாகச் சோதனை நடத்தினார். நோயுற்றவர்கள் மருத்துவமனைக்கும் உடனிருந்தவர்கள் தனிமை முகாமுக்கும் வலிந்து கொண்டுசெல்லப்பட்டனர். ஜூன் 22 இரவு, விக்டோரியா அரசியின் வைரவிழா விருந்து முடிந்து கணேஷ்கிண்ட் மாளிகையிலிருந்து திரும்பிய ராண்ட், சாப்பேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். அந்த மாளிகையே இன்றைய பல்கலைக்கழகம். அங்கிருந்து பாணேருக்குச் சில கிலோமீட்டர் தொலைவுதான். திலகர் மீதான வழக்கும் சிறைத் தண்டனையும் இதைத் தொடர்ந்தவை. விடுதலை இயக்கத்தின் வரலாற்றில் இவற்றுக்குரிய இடம் எவராலும் மறுக்கப்படாதது. ஆனால் இந்த நிகழ்ச்சிகளின் பேரொளியில், அதே ஆண்டில் தக்காணத்து ஊர்கள் தாமாகவே கண்டுபிடித்துக் கையாண்ட வழி கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

அந்த வழி ஊரைக் காலி செய்து வயலுக்குப் போவது. வீட்டில் எலி செத்து விழுந்தால் நோய் வந்துவிட்டது என்று பொருள். எலி விழுந்த செய்தி பரவியதும் குடும்பங்கள் தட்டுமுட்டுப் பொருள்களை எடுத்துக்கொண்டு, கால்நடைகளையும் ஓட்டிக்கொண்டு தத்தம் நிலத்துக்குச் சென்று, சோளத் தட்டையாலும் மூங்கிலாலும் குடிசை போட்டுத் தங்கின. எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயை மனிதருக்குக் கடத்துகிறது என்று பிரெஞ்சு அறிஞர் சிமோன் கராச்சியில் கண்டறிந்தது 1898-இல். அறிவியலுலகம் அதை ஏற்கப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின. எலிக்கும் நோய்க்கும் உள்ள உறவை ஊரார் அதற்கு முன்பே தம் கண்ணால் கண்டு, அதன்படி நடந்தார்கள் என்பது சிறிய செய்தியன்று. தானியத்தை வீட்டுக்குள்ளும் மண்ணுக்கடியில் வெட்டிய குழிகளிலும் சேமித்த ஊர்களில் எலி ஓயாத துணை. ஆகவே வீட்டைவிட்டு அகல்வது உயிர் காக்கும் வழியாயிற்று. அரசும் படைவீரர் சோதனையைக் கைவிட்டுப் பின்னாளில் இந்த இடப்பெயர்வையே ஊக்குவித்தது.

எனினும் வயல்வாழ்வை இன்பச் சுற்றுலாவாக எண்ணிவிடக் கூடாது. மழைக்காலத்தில் குடிசை தாங்காது. பூட்டிய வீட்டில் திருட்டு நடக்கும். நிலமுள்ளவன் தன் நிலத்துக்குப் போக, நிலமற்ற கூலிக் குடும்பம் யாருடைய வரப்பில் போய் நிற்பது என்பதற்கு விடை இல்லை. ஊரெல்லைக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த தலித் குடியிருப்புகளுக்கு நோய் வந்தபோது உதவ வந்தவர்கள் மிகச் சிலர். அவர்களுள் முதன்மையானவர் சாவித்திரிபாய் புலே. புணேக்கு வெளியே ஹடப்சர் பக்கத்து வயல்வெளியில் மகன் மருத்துவர் யஷ்வந்த் நடத்திய மருத்துவ நிலையத்தில் நோயாளிகளைப் பேணிய அவர், முண்ட்வா ஊரின் தலித் குடியிருப்பிலிருந்து நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தாமே சுமந்து வந்ததாக வரலாற்று நூல்கள் கூறும். அதே நோய் தொற்றி அவர் 1897 மார்ச் 10 அன்று இறந்தார். புணேயின் பிளேக் வரலாற்றில் ராண்டின் பெயர் முதலிலும் சாவித்திரிபாயின் பெயர் பின்னும் சொல்லப்படும் வழக்கம் மாறத்தக்கது என்பது இவ்வுரையின் கருத்து.

தமிழகத்திலும் அதே நோய் தடம் பதித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் வாட்டிய கோயம்புத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரில் கோயில்கள் உள்ளன. எழுதி வைக்காத சமூகம் தன் அச்சத்தையும் பிழைப்பையும் கோயிலாகக் கட்டி வைத்தது. ஊரின் நினைவு சில இடங்களில் இவ்வாறே தங்குகிறது.

இனி நம் காலம். 2020 பிப்ரவரி 21 அன்று இத்தாலியின் லோம்பார்டியில் கொதோஞோ என்னும் சிறு நகரில் நோய் கண்டறியப்பட்டதும், லோதி வட்டாரத்தின் பத்து ஊர்களும் வெனெத்தோ மாநிலத்தின் வோ என்னும் ஊருமாகப் பதினொன்று, ஏறத்தாழ 50,000 மக்களுடன் அடைக்கப்பட்டன. சீனாவுக்கு வெளியே பெருந்தொற்றின் முதல் பூட்டுகளுள் ஒன்று விழுந்தது பால்பண்ணைகளும் திராட்சைத் தோட்டங்களும் உள்ள நாட்டுப்புறத்தில் என்பதைப் பலரும் மறந்துவிட்டனர். மூவாயிரம் பேர் அளவே வாழும் வோவில் பெரும்பாலானோரைப் பாதுவா பல்கலைக்கழகத்தார் இரண்டு முறை சோதித்தபோது, தொற்றுக்கு உள்ளானவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோரிடம் எந்த அறிகுறியும் இல்லை என்பது வெளிப்பட்டது. இருமலும் காய்ச்சலும் இல்லாதவரும் நோயைக் கடத்தக்கூடும் என்று உலகுக்கு உறுதிப்படுத்தியதில் அந்தக் குன்றோர ஊரின் மக்களுக்குப் பங்குண்டு.

அடைப்பு வந்தாலும் பசுவின் மடி காத்திருக்காது. போ ஆற்றுச் சமவெளியின் பால்பண்ணைகளில் பல ஆண்டுகளாகக் கறவை வேலை பார்த்து வருவோரில் பஞ்சாபிலிருந்து சென்ற சீக்கியர்கள் கணிசமானோர். புகழ்பெற்ற இத்தாலியப் பாலாடைக்கட்டிகளின் பின்னே அவர்களுடைய விடியற்கால உழைப்பு இருக்கிறது. பருவகால அறுவடைக்குக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருவோர் எல்லை மூடியதால் வர இயலாமற்போக, உரிய தாளின்றி வயலில் உழைத்துவந்த அயலாரைச் சட்டப்படி ஏற்கும் ஆணையை 2020 மே மாதத்தில் அந்நாடு பிறப்பித்தது. அதை முன்னின்று கொண்டுவந்த வேளாண் அமைச்சர் தெரேசா பெல்லனோவா, இளம் வயதில் தாமே வயற்கூலியாக இருந்தவர். இரண்டு லட்சத்துக்கும் மேல் வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை வீட்டுப் பணியாளருடையவை. வயலில் நின்றவர்களுக்கு அது போதிய அளவு சென்று சேரவில்லை.

மேற்கு மகாராஷ்டிரத்தில் இதே வினா கரும்பு வெட்டும் தொழிலாளர் வடிவில் எழுந்தது. பீட் முதலான மராத்வாடா மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து, தீபாவளியை ஒட்டிக் கிளம்பிக் கோடைத் தொடக்கம் வரை சர்க்கரை ஆலைகளின் நிலங்களில் கரும்பு வெட்டும் இவர்களை மராத்தியில் 'ஊஸ்தோட்' தொழிலாளர் என்பர். கணவனும் மனைவியும் சேர்ந்த ஓர் இணை ஒரு 'கொய்தா', அதாவது ஓர் அரிவாள் என்று கணக்கிடப்படும். இருவருக்கும் சேர்த்து 'முகாதம்' என்னும் கங்காணி கொடுத்த முன்பணத்தை அந்தப் பருவத்து வெட்டில் கழிக்க வேண்டும். ஆலையருகே கரும்புத் தோகையும் நெகிழித்தாளும் வேய்ந்த சிறு குடில்களில் குழந்தைகளோடும் வண்டிமாடுகளோடும் தங்கியிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், பருவம் முடியும் தறுவாயில், மார்ச் 25-இல் தொடங்கிய நாடடைப்பில் அகப்பட்டனர். வீட்டிலிருந்து வேலை செய்யுங்கள் என்று நகரத்தாருக்குச் சொல்லப்பட்ட அதே நாட்களில், வீட்டுக்குப் போகவும் வழியில்லாமல் இவர்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டு முடிந்ததும் மாட்டுக்குப் போடும் கரும்புக் கொழுந்தும் தீர்ந்தது. ஏப்ரல் 17 அன்று, மருத்துவச் சோதனைக்குப் பின் அவர்கள் ஊர் திரும்பலாம் என்று மாநில அரசு அனுமதித்தது. நெடுஞ்சாலைகளில் நடந்த நகரத் தொழிலாளரின் படங்களை நாடு கண்டது. அவர்களுக்குச் சற்றும் குறையாத துயரோடு காட்டுவழி திரும்பிய இந்தக் கிராமத் தொழிலாளரைக் கண்டவர் குறைவு.

விளைவித்தவனின் கதை வேறு விதம். புணேயின் குல்டேகடியிலுள்ள மொத்தச் சந்தை ஏப்ரலில் மூடப்பட்டபோது, அதை நம்பிப் பயிரிட்ட உழவர்கள் வண்டியை எங்கே திருப்புவது என்று அறியாது நின்றனர். கோயில், திருமணம், ஏற்றுமதி மூன்றும் நின்றதால், மாவள் வட்டாரத்தின் பசுமைக்குடில்களில் பூத்த ரோசாக்கள் பறித்துக் கொட்டப்பட்டன. பறிக்காமல் விட்டால் செடி கெடும் என்பதால், விலையில்லாப் பூவைப் பறிக்கவும் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. ஜூன் 3 அன்று வீசிய நிசர்கா புயல் அந்தக் குடில்களில் பலவற்றைக் கிழித்தெறிந்தது. ஜுன்னர் வட்டத்து நாராயண்காவ் தக்காளிக்குப் பெயர்பெற்ற சந்தை. மே மாதத்தில் புணே, அகமதுநகர், நாசிக் மாவட்டங்களின் தக்காளியில் பழத்தின் நிறம் திட்டுத்திட்டாக மாறும் ஒரு நோய் கண்டது. மூன்று நிறம் தெரிந்ததால் உழவர்கள் அதை 'திரங்கா' நோய் என்றனர். அது மனிதருக்கும் தொற்றும் என்று கிளம்பிய வதந்தி, ஏற்கெனவே விழுந்திருந்த விலையை மேலும் வீழ்த்தியது. வெள்ளரித் தேமல் நச்சுயிரியே முதன்மைக் காரணம் என்றும், பயிரைத் தாக்கும் இத்தகைய நச்சுயிரிகள் மனிதரைத் தாக்குவதில்லை என்றும் ஆய்வாளர்கள் சொல்லித் தெளிவாவதற்குள் பல தோட்டங்கள் பிடுங்கப்பட்டுவிட்டன. ஒரு நச்சுயிரிக்கு அஞ்சிய நாடு மற்றொன்றையும் அதனோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டதன் விலையைக் கொடுத்தவர் உழவரே.

பாலில் அரசு ஓரளவு முன்கூட்டியே செயல்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். உணவகங்களும் இனிப்புக் கடைகளும் மூடப்பட்டுத் தேவை சரிந்ததும், நாள்தோறும் 10 லட்சம் லிட்டர் பாலை லிட்டருக்கு 25 ரூபாய் விலையில் கொண்டு பால்பொடியாக மாற்றும் திட்டத்தை மகாராஷ்டிரம் ஏப்ரலில் தொடங்கியது. ஆயினும் அந்தக் கொள்முதலுக்குள் வராதவர்களுக்குத் தனியார் கொடுத்த விலை இருபது ரூபாய்க்கும் கீழே போனதால், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பாலைச் சாலையில் ஊற்றிப் போராட்டம் நடந்தது. மற்றொரு பக்கம், உழவர் குழுக்கள் சந்தைக்குக் காத்திராமல் பாணேர் போன்ற பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்பு வாயில்களுக்கே காய்கறியைக் கொண்டுவந்தன. வாரச் சந்தைகளில் முன்பே நகரத்தாரோடு பழகியிருந்த குழுக்களுக்கு இது எளிதாயிற்று. அத்தகைய பழக்கம் இல்லாத சிறு உழவருக்கு அந்த வாயில் திறக்கவில்லை.

சந்தை என்பது விளைபொருள் மட்டும் போய்வரும் இடமன்று என்பதைத் தமிழ் வாசகர்கள் கோயம்பேட்டில் கண்டனர். சென்னையின் அந்தச் சந்தையில் ஏப்ரல் இறுதியில் பரவிய தொற்று, அங்குச் சுமை தூக்கியவர்களும் கடைகளில் பணிசெய்தவர்களும் ஊர் திரும்பியபோது, கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களின் சிற்றூர்களுக்குச் சென்றது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, மே 10 முதல் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. நோய் நகரத்திலிருந்து நாட்டுப்புறத்துக்குத்தான் போயிற்று. ஆனால் ஊர்களில் பழி சுமந்தவர்கள் அந்தக் கூலித் தொழிலாளர்களே.

அடைப்பைச் சிற்றூர்கள் எப்படி நடைமுறைப்படுத்தின என்பது தனியே ஆராயத்தக்கது. ஊர் எல்லையில் முள்வெட்டிப் போட்டும் கல் உருட்டியும் வண்டியைக் குறுக்கே நிறுத்தியும் வழியை மறிப்பதற்கு 'காவ்பந்தி' என்று பெயர். அதாவது ஊரை அடைத்தல். எந்த அதிகாரியின் ஆணையும் எதிர்பாராமல், 2020 மார்ச்சிலேயே மகாராஷ்டிரத்தின் பல ஊர்கள் இதைச் செய்தன. 1897-இல் எலி விழுந்ததும் வயலுக்குப் போன அதே தன்முடிவின் தொடர்ச்சியாக இதைக் காணலாம். ஆனால் இதற்கும் இருண்ட பக்கம் உண்டு: மும்பையிலும் புணேயிலும் கூலிவேலை பார்த்து, வேலை இழந்து திரும்பிய சொந்த ஊர்ப் பிள்ளைகளே எல்லையில் நிறுத்தப்பட்டு, மாவட்ட ஊராட்சிப் பள்ளிக் கட்டடங்களில் பதினான்கு நாள் தங்க வைக்கப்பட்டனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் வீடு கட்டிய ஊர், அவர்களையே ஐயத்தோடு பார்த்தது. திரும்பியவர்களுக்கு ஊரில் கிடைத்த வேலை பெரும்பாலும் நூறு நாள் வேலைத் திட்டமே; அதில் மகாராஷ்டிரத்தின் நாட்கூலி அந்த ஆண்டு 206 ரூபாயிலிருந்து 238 ரூபாயாக உயர்த்தப்பட்டிருந்தது. நாடு முழுவதும் 2020–21-இல் அத்திட்டத்தில் ஏறத்தாழ 389 கோடி வேலைநாட்கள் உருவாயின. அதற்கு முன் எந்த ஆண்டிலும் இந்த அளவு எட்டப்பட்டதில்லை.

கட்டுப்பாட்டை ஊர் தன் கையில் எடுத்து, அதை அக்கறையோடும் நடத்திய இடத்துக்கு அன்று அகமதுநகர் என வழங்கிய மாவட்டத்தின் ஹிவரே பஜார் எடுத்துக்காட்டு. நீர்ச் சேமிப்பால் முன்பே புகழ்பெற்ற அவ்வூர், போபட்ராவ் பவார் தலைமையில், இரண்டாம் அலையின்போது குழுக்கள் அமைத்து வீடுதோறும் விசாரித்து, நோய் கண்டவரை உடனே பிரித்து, அவர்கள் வீட்டு வயல்வேலையையும் மற்றவர் பகிர்ந்து பார்க்க ஏற்பாடு செய்து, 2021 மே மாதத்தில் தொற்று இல்லாத ஊராயிற்று. மாடு கறக்க ஆளுண்டு, வெங்காயம் கெடாது என்று தெரிந்தால்தான் உழவர் படுக்கையில் படுப்பார். நோயை மறைக்காமல் சொல்வார். இந்த எளிய உண்மையை எந்த அரசாணையும் சொல்லவில்லை. ஹிவரே பஜாரின் எடுத்துக்காட்டையொட்டியே கொரோனா இல்லாத ஊர்களுக்கான போட்டியை மாநில அரசு அறிவித்தது. 2021 ஜூலையில், தொற்று இல்லாத ஊர்களில் ஊராட்சித் தீர்மானத்தின் பேரில் எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளைத் திறக்கவும் இசைந்தது. ஓராண்டுக்கு முன்பே இந்த நம்பிக்கை ஊர்கள் மீது வைக்கப்பட்டிருந்தால், கைப்பேசி இல்லாத வீட்டுக் குழந்தைகள் இழந்த படிப்பில் ஒரு பகுதியாவது மிஞ்சியிருக்கும்.

வழிபாட்டு நாட்காட்டியில் அந்த ஆண்டின் பெரிய இழப்பு வாரி. ஆளந்தியிலிருந்து ஞானேஷ்வரரின் பாதுகைகளையும் தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளையும் பல்லக்கில் ஏந்தி, ஏறத்தாழ மூன்று வாரம் நடந்து, ஆஷாட மாத ஏகாதசிக்குப் பண்டரிபுரம் சேரும் இந்த நடைப்பயணத்தில் பெரும்பாலோர் உழவர். மழை இறங்கி விதைப்பு முடிந்த கையோடு கிளம்புபவர்கள். வழியிலுள்ள ஊர்கள் அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பதைத் தம் பேறாகக் கருதுகின்றன. 2020-இல் நடை இல்லை. பாதுகைகள் ஜூன் 30 அன்று அரசுப் பேருந்துகளில், மிகச் சிலரோடு, ஒரே நாளில் கொண்டுசெல்லப்பட்டன. அடுத்த ஆண்டும் அவ்வாறே. ஓர் ஊரின் ஆண்டுக் கணக்கில் விருந்தினர் வராமற்போன இந்த இரண்டு வெற்றிடங்களையும் எந்தப் பொருளாதார அறிக்கையும் இழப்பாகக் காட்டாது.

2021-இன் இரண்டாம் அலை ஊர்ப்புறத்தை முதல் அலையைவிடக் கடுமையாகத் தாக்கியது. அந்நாட்களில் வீடுதோறும் சென்ற மருத்துவத் துறை என்பது, நடைமுறையில், ஆஷா என வழங்கும் ஊர்ப் பெண் நலப் பணியாளரே. ஊதியமாக அல்லாமல் ஊக்கத்தொகையாகச் சிறு பணம் பெற்று, வெப்பமானியும் பதிவேடும் ஏந்தி அலைந்த அவர்கள், 2021 ஜூனில் வேலைநிறுத்தம் செய்தே தம் தொகையைச் சிறிது உயர்த்திக்கொள்ள முடிந்தது.

அந்தப் பதிவேடுகளே இவ்வுரையின் இறுதிச் செய்திக்கு வழிவகுக்கின்றன. இத்தாலியின் தஸ்கனியில், 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படையால் தகர்க்கப்பட்ட பியேவே சாந்தோ ஸ்தேஃபானோ என்னும் சிற்றூரில், 1984-இல் பத்திரிகையாளர் சவேரியோ துத்தீனோ ஓர் ஆவணக் காப்பகத்தை நிறுவினார். எளிய மனிதரின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தன்வரலாறுகளையும் மட்டும் சேர்க்கும் அங்கு ஆயிரக்கணக்கான கையெழுத்துப்படிகள் உள்ளன. கணவர் இறந்த பின், மாந்துவா வட்டாரத்து உழவர் பெண் கிளேலியா மார்க்கி, தம் வாழ்க்கை முழுவதையும் ஒரு கட்டில் விரிப்பின் மேல் எழுதினார்; அந்த விரிப்பும் அங்குதான் இருக்கிறது. நாட்டுப்புறத்து அன்றாடத்தை நாட்டுப்புறத்திலேயே காக்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

புணேயில் இதற்கான தேவை உடனடியானது. பாணேரின் அண்டை ஊர்களான சூஸ், மஹாளுங்கே உள்ளிட்ட 23 ஊர்கள் 2021 ஜூன் 30 அன்று, பெருந்தொற்று ஓயும் முன்பே, மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. அவற்றின் ஊராட்சிகள் கலைந்தன. ஊர் அடைப்புத் தீர்மானங்கள், பள்ளியில் தங்க வைக்கப்பட்டோரின் பட்டியல், ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கிய தானியக் கணக்கு, பால் சங்கத்தின் கொள்முதல் ஏடு, ஆஷா பணியாளரின் பதிவேடு ஆகியவை அலமாரி இடம் மாறும்போது பழைய காகிதமாக எடைக்குப் போய்விடக் கூடும். நோயாளிகளின் பெயரையும் நோய் விவரத்தையும் மறைத்து, எஞ்சியதை முழுமையாகப் படியெடுத்து வைக்க மாநகராட்சியும் பல்கலைக்கழகமும் முன்வர வேண்டும். கரும்பு வெட்டிய இணையரிடமும், பூவைப் பறித்துக் கொட்டிய தோட்டக்காரரிடமும், எல்லையில் முள்போட்ட இளைஞரிடமும், அந்த முள்ளுக்கு அப்பால் நின்றவரிடமும் அவரவர் மொழியில் கேட்டுப் பதிய வேண்டும். இப்பகுதியில் வாழும் தமிழர்கள், தங்கள் வாயிலுக்குக் காய்கறி கொண்டுவந்த உழவரின் ஊர் எது என்று கேட்பதிலிருந்து அந்தப் பணியை இந்த ஆண்டே தொடங்கலாம்.